அம்மாவுக்கு ஏஐ உதவியாளரைப் பழக்குவது: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி, 8 நவம்பர் 2025

அம்மாவுக்கு 66 வயது. புது ஃபோனில் ஏஐ உதவியாளர் செயலியைப் போட்டுக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைவது, மொழிபெயர்ப்பது, கவிதை எழுதுவது, குரலில் பேசுவது என்று எல்லாவற்றையும் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு" என்றார். அதற்கப்புறம் அதைத் திறக்கவே இல்லை. எந்த வசதியிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும்? வரிசை சொல்லுங்கள்.

பதில், 8 நவம்பர், இரவு

வசதிகளின் வரிசை பெரிய விஷயமில்லை. அம்மாவுக்கு எது அத்துப்படி? சமையலா, பழைய வேலையா, கோயில் விசேஷங்களா, தையலா? அதைப் பற்றி அவரே அதனிடம் கேட்கட்டும். எங்கே சரியாகச் சொல்கிறது, எங்கே சறுக்குகிறது என்று அவரே கண்டுபிடிக்கட்டும். முதல் நாளுக்கு அது போதும்.

என் சித்தப்பாவுக்கு அப்படித்தான் பழக்கினேன். மயிலாடுதுறையில் இருக்கிறார். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சேமிப்புத் திட்டங்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். "சித்தப்பா, உங்க சப்ஜெக்ட்லயே ஒண்ணு கேளுங்க" என்றேன். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் அதிகபட்சம் எவ்வளவு போடலாம் என்று கேட்டார். 15 லட்சம் என்று அடித்துச் சொன்னது. "என்னடா இது, பழைய கணக்கைச் சொல்லுது! 2023 ஏப்ரல்லயே முப்பது லட்சம் ஆக்கிட்டாங்களே" என்று சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் அதே கேள்வியை "இணையத்தில் தேடிப் பார்த்துச் சொல்" என்று சேர்த்துக் கேட்கச் சொன்னேன். இந்த முறை 30 லட்சம், 5 ஆண்டு, வட்டி 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி கையில் வரும் என்று எல்லாம் சரியாக வந்தது. அவர் தலையாட்டினார். ஒரு கேள்வியில் இரண்டு பாடம் முடிந்தது. அது படித்து வைத்திருப்பது ஒரு காலம் வரைக்கும்தான். அன்றைய நிலவரம் வேண்டுமென்றால் தேடச் சொல்ல வேண்டும். இதை நான் விரிவுரையாக எடுத்திருந்தால் மறுநாள் மறந்திருப்பார்.

9 நவம்பர்

"முதல் நாளே தப்பைக் காட்டினால் அதன் மேல் நம்பிக்கையே போய்விடாதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான பயம். நான் பார்த்தது நேர்மாறு.

புதிதாகத் தொடுகிற பெரியவர்களுக்கு உள்ளுக்குள் ஒரு கூச்சம் இருக்கிறது. தப்பாக எதையாவது அழுத்திவிடுவோமோ, முட்டாள்தனமாகக் கேட்டுவிடுவோமோ என்று. அதன் பதிலில் தப்பைப் பிடித்த நிமிடத்தில் அந்தக் கூச்சம் போய்விடுகிறது. இதற்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்ற தைரியம் வந்துவிடுகிறது. சித்தப்பா அடுத்து மாதாந்திர வருமானத் திட்டத்துக்குப் போனார். தனிக் கணக்குக்கு 9 லட்சம், கூட்டுக் கணக்குக்கு 15 லட்சம். அதையும் சோதித்தார். சுகன்யா சம்ருத்தியைக் கேட்டார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்ட பிறகும் எழுந்திருக்கவில்லை.

தப்பே காட்டாமல் கொடுத்தால் என்ன ஆகும்? முதல் தப்பைத் தனியாக இருக்கும்போது சந்திப்பார்கள், அதுவும் அவர்களுக்குத் தெரியாத விஷயத்தில். அப்போது அதைத் தப்பு என்று அவர்களால் கண்டுபிடிக்கவே முடியாது. எனக்குக் கவலை அதுதான்.

11 நவம்பர்

"பதில் நிஜமா என்று அதையே திரும்பக் கேட்கச் சொல்லிக் கொடுத்தால் போதாதா?" என்ற கேள்விக்கு: போதாது.

2023ல் நியூயார்க்கில் நடந்த வழக்கு இதற்கு நல்ல உதாரணம். விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த மனுவில் சாட்ஜிபிடி என்ற ஏஐ உதவியாளர் கொடுத்த முன் தீர்ப்புகள் இருந்தன. அப்படித் தீர்ப்புகளே கிடையாது. அவர்களும் சும்மா இருந்துவிடவில்லை. இந்த வழக்குகள் உண்மையானவையா என்று அதனிடமே கேட்டிருக்கிறார்கள், அதுவும் உண்மைதான் என்றிருக்கிறது. ஜூன் மாதம் நீதிபதி 5,000 டாலர் அபராதம் போட்டார்.

படித்த வழக்கறிஞர்களுக்கே இந்தக் கதி. ஆகவே சரிபார்ப்பது என்றால் வெளியே போய்ச் சரிபார்ப்பது. சித்தப்பாவுக்கு அது சுலபமாகப் புரிந்தது. சிறுசேமிப்பு வட்டியை நிதி அமைச்சகம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்கும், சுற்றறிக்கை வரும், அலுவலகத்தில் ஒட்டுவார்கள். சுற்றறிக்கை எண் இல்லாமல் யாராவது வட்டி சொன்னால் நம்பக்கூடாது என்று பழகிய மனிதர். "அப்போ இதுகிட்டயும் சர்க்குலர் எங்கன்னு கேக்கணும்" என்றார். அவ்வளவுதான், நான் அதற்கு மேல் எதுவும் விளக்கவில்லை.

15 நவம்பர்

குரலைப் பற்றிப் பலர் கேட்டிருப்பதால் கொஞ்சம் விரிவாக.

தமிழில் டைப் செய்வது பெரியவர்களுக்குப் பெரும் சிரமம். ஆகவே குரல்தான் வழி என்று எல்லோரும் நேரே நேரலைப் பேச்சுக்குப் போகிறார்கள், அதாவது ஃபோனில் பேசுவது போல அதனோடு மாறி மாறிப் பேசுவது. கூகுளின் ஜெமினி செயலி 2024 ஜூனில் இந்தியாவுக்கு வந்தபோதே தமிழும் சேர்ந்து வந்தது. அதன் நேரலைப் பேச்சும் அதே ஆண்டு அக்டோபரில் தமிழுக்கு வரும் என்று அறிவித்தார்கள். வசதி இருக்கிறது. ஆனால் சித்தப்பா பேசும் விதத்துக்கு அது ஒத்துவரவில்லை. ஒரு வாக்கியம் தொடங்குவார், நடுவில் யோசிப்பார், கண்ணாடியைச் சரி செய்வார், மறுபடி தொடர்வார். அவர் நிறுத்திய இடத்திலேயே பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு அது பதில் சொல்ல ஆரம்பித்துவிடும். அவர் மரியாதையாகப் பேச்சை நிறுத்திவிட்டு, கேட்காத கேள்விக்கு வந்த பதிலைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பார். பார்க்கவே மனசு கஷ்டமாக இருந்தது.

தீர்வு எளிது. நேரலைப் பேச்சு வேண்டாம். விசைப்பலகையில் இருக்கும் மைக்கை அழுத்திப் பேசச் சொல்லுங்கள். சொன்னது எழுத்தாகத் திரையில் விழும். நின்று நிதானமாகப் பேசலாம், மைக் அணைந்துவிட்டால் மறுபடி அழுத்தித் தொடரலாம், படித்துப் பார்க்கலாம், திருத்தலாம், அனுப்பும் பொத்தானை அழுத்தும் வரை எதுவும் போகாது. பெரியவர்களுக்கு இது மிகவும் பிடிக்கிறது. பதிலை மட்டும் சத்தமாக வாசிக்க வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசும்போது எழுத்தில் கோளாறு வரும். "ஆர்டி" என்று சொன்னால் என்னென்னவோ விழுந்தது. "தொடர் வைப்பு" என்று சொல்லிப் பார்த்தார், சரியாக விழுந்தது. அவருக்கு அதில் ஒரே சந்தோஷம். பழைய படிவங்களில் இருந்த வார்த்தைகளையெல்லாம் தேடி எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

16 நவம்பர்

தமிழில் கேட்டால் மட்டமான பதில்தான் வருமா என்று கேட்டவருக்கு: முன்பு இருந்த அளவு வித்தியாசம் இப்போது இல்லை. இந்தச் செயலிகள் எழுத்தை டோக்கன் என்ற துண்டுகளாக நறுக்கித்தான் படிக்கின்றன. துண்டு கூடக் கூட வேகம் குறையும், செலவு ஏறும், நீண்ட உரையாடலில் முன்னே சொன்னது சீக்கிரம் விட்டுப்போகும். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ என்ற புதிய மாடல் வந்தபோது, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனம் ஓர் ஒப்பீடு வெளியிட்டது. ஒரே மாதிரி வாக்கியத்துக்குத் தமிழில் முன்பு 116 டோக்கன், புதிதில் 35. அதே வாக்கியம் ஆங்கிலத்தில் 27லிருந்து 24. ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு லாபம் அதிகம்.

ஆனாலும் உள்ளூர் விஷயங்களில் தமிழில் கேட்டால் தடுமாறுவதைப் பார்க்கிறேன். அதையும் முதல் வாரத்திலேயே காட்டிவிடலாம். உங்கள் தெருவுக்குப் பக்கத்தில் இருக்கும் கோயிலைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள்.

20 நவம்பர்

முதல் நாளுக்கு ஒரே ஒரு வேலை போதும் என்று மேலே எழுதியிருந்தேன். இப்போது அதில் இரண்டைச் சேர்க்கிறேன். நிறுத்தும் பொத்தானும் அழிக்கும் வழியும் முதல் நாளிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

சித்தி சொல்லித்தான் இது எனக்கு உறைத்தது. சித்தப்பா இல்லாத நேரத்தில் ஃபோனை எடுத்து, தன் முழங்கால் வலி பற்றி ஏதோ கேட்டிருக்கிறார். பதில் நீண்டுகொண்டே போக, எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் ஃபோனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டார். அப்புறம் அதை யாராவது படித்துவிடுவார்களோ என்று ராத்திரி தூக்கம் இல்லை. ஒரு பொத்தானைக் காட்டியிருந்தால் தீர்ந்திருக்கும்.

சித்தியை உட்கார வைத்து, உரையாடலை அழிப்பதை அவர் கையாலேயே செய்ய வைத்தேன். எழுதினோம், அழித்தோம், எழுதினோம், அழித்தோம். அப்புறம்தான் மறுபடி கேள்வி கேட்கத் துணிந்தார்.

இதில் ஃபோன் அவர்கள் கையில்தான் இருக்க வேண்டும். நாம் வாங்கி வேகவேகமாக அழுத்திக் காட்டினால் அவர்களுக்கு நம் விரல்தான் தெரியும்.

23 நவம்பர்

அனுமதிகள். செயலி முதல்முறை கேட்கும்போது பெரியவர்கள் எல்லாவற்றுக்கும் "சரி" அழுத்திவிடுவார்கள். மைக் அவசியம். கேமரா தேவைப்படும்போது. தொடர்புகள், இருப்பிடம் இரண்டும் முதலில் வேண்டாம். ஆண்ட்ராய்டு 11லிருந்து "இந்த முறை மட்டும்" என்ற தேர்வு இருக்கிறது, அதைப் பழக்குங்கள். ஆண்ட்ராய்டு 12லிருந்து மைக்கோ கேமராவோ ஓடும்போது திரையின் மேல் மூலையில் பச்சை அடையாளம் தெரியும். அது எரிந்தால் ஃபோன் கேட்டுக்கொண்டோ பார்த்துக்கொண்டோ இருக்கிறது என்று சொல்லி வையுங்கள். பெரியவர்களுக்கு இந்த மாதிரி கண்ணால் பார்க்கிற அடையாளம் பெரிய ஆறுதல்.

ஓடிபி, ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் எதையும் உரையாடலில் எழுதக்கூடாது. இதில் பேச்சே இல்லை.

24 நவம்பர்

ஓடிபி பற்றி ஒருவர் சரியாகவே கேட்டிருக்கிறார்: கணக்கு திறக்கும்போது செயலியே எண் அனுப்பிக் கேட்கிறதே? ஆமாம். அந்த எண்ணை அந்தப் பதிவுப் பக்கத்தில் போடத்தான் வேண்டும். அந்த வேலையை முதல் நாள் நீங்களே உட்கார்ந்து முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு யாராவது ஃபோனில் கூப்பிட்டு "உங்க ஏஐ கணக்கு முடங்கிடுச்சு, எண்ணைச் சொல்லுங்க" என்றால் மோசடிதான். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு அழைக்க வேண்டும். அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி டிவி பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

30 நவம்பர்

நினைவு வசதி. இதைப் பற்றி எழுதாமல் இந்த இழையை விட மனசில்லை, ஏனென்றால் நம் வீடுகளில்தான் இது அதிகம் இடிக்கிறது.

இந்தச் செயலிகள் ஒரு ஃபோனை ஒரு ஆள் மட்டும் வைத்திருப்பார் என்று நினைத்துச் செய்யப்பட்டவை. சாட்ஜிபிடியில் 2024 தொடக்கத்தில் நினைவு வசதியைச் சோதனையாகக் கொண்டுவந்தார்கள், மற்றவையும் தொடர்ந்தன. நீங்கள் சொன்னதைக் குறித்து வைத்துக்கொண்டு அடுத்தடுத்த பதில்களில் சேர்த்துக்கொள்ளும். ஒரு ஆளுக்கு அருமையான வசதி. சித்தப்பா வீட்டில் அதே ஃபோனில் சித்தி கேட்கிறார், காலேஜ் படிக்கும் பேத்தி லீவுக்கு வந்தால் அவளும் கேட்கிறாள். சித்திக்குச் சர்க்கரை. சித்தப்பாவுக்கு இல்லை. கொஞ்ச நாளில் சித்தப்பா தீபாவளிக்குச் செய்த அதிரசத்தில் மிஞ்சிய மாவைப் பற்றி எது கேட்டாலும் "உங்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதால்" என்று ஆரம்பித்தது. அவர் பதறிப்போய் எனக்கு ஃபோன் பண்ணினார். "ஏம்பா, எனக்குச் சுகர் வந்துடுச்சுன்னு இதுக்கு யார் சொன்னது? டாக்டர் என்கிட்ட மறைக்கிறாரா?"

ஒரு மனிதரை இப்படிப் பயமுறுத்தலாமா? செட்டிங்ஸில் நினைவுப் பட்டியலைத் திறந்து காட்டினேன். அது குறித்து வைத்திருந்தவற்றை ஒவ்வொன்றாகப் படித்தார். பேத்தியின் தேர்வு அட்டவணை, சித்தியின் முழங்கால், அவருடைய வட்டிக் கணக்கு எல்லாம் ஒரே ஆளாக உட்கார்ந்திருந்தன. சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியவில்லை அவருக்கு. அப்புறம் நிதானமாக, எது தன்னுடையது எது இல்லை என்று பார்த்துப் பார்த்து அழித்தார்.

அதனால் என் தீர்மானம்: பலர் கைபடும் ஃபோனில் நினைவை முதலில் அணைத்து வையுங்கள். மற்றவர்கள் கேட்க வேண்டுமென்றால், நினைவில் எதுவும் சேராத தற்காலிக உரையாடலில் கேட்கட்டும். நினைவைப் பிறகு தொடங்கினாலும் அந்தப் பட்டியலை அவரே அவ்வப்போது திறந்து படிக்க வேண்டும். நம் பாஸ்புக்கை நாம் பார்ப்பது போல. சித்தப்பாவிடம் நான் சொன்ன ஒப்புமை அதுதான், சட்டென்று பிடித்துக்கொண்டார்.

3 டிசம்பர்

"நினைவை அணைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்ல வேண்டுமே?" அதற்குச் செட்டிங்ஸில், எல்லா உரையாடலுக்கும் பொருந்தும்படி நிலையான குறிப்பு எழுதும் இடம் இருக்கிறது. சித்தப்பா எழுதியதை அவர் அனுமதியோடு போடுகிறேன்:

"பதில் ஐந்தாறு வரிக்குள் இருக்கட்டும். தமிழில் சொல்லவும். தொகை, வட்டி, தேதி சொன்னால் எங்கே பார்த்தாய் என்றும் சேர்த்துச் சொல்லவும். நிச்சயம் இல்லையென்றால் நிச்சயம் இல்லை என்று சொல்லவும். என்னைப் பாராட்ட வேண்டாம்."

கடைசி வரி அவருடைய சொந்த யோசனை. எதைக் கேட்டாலும் "மிக அருமையான கேள்வி" என்று தொடங்குவது அவருக்குப் பொறுக்கவில்லை. குறிப்பு போட்டதால் எல்லாம் அப்படியே நடக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பதில்கள் கண்கூடாகச் சுருங்கின. சந்தேகம் சொல்லச் சொன்னதுதான் இதில் எனக்குப் பிடித்த வரி. ஆனால் அது நிச்சயமாகச் சொல்லும்போதும் தப்பு இருக்கலாம் என்பதை நினைவூட்டிக்கொண்டே இருக்கிறேன்.

7 டிசம்பர்

மருத்துவச் சீட்டைப் படம் எடுத்துப் போடலாமா? அச்சிட்ட ரத்தப் பரிசோதனை அறிக்கை என்றால் புரிந்துகொள்ளப் பயன்படுத்தலாம். சித்தியின் அறிக்கையில் எச்பிஏ1சி என்றால் என்ன, ரத்தச் சர்க்கரையின் ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிறது, 6.5 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் சர்க்கரை நோய் என்று எடுத்துக்கொள்கிறார்கள் என்பதையெல்லாம் தெளிவாகச் சொன்னது. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது சித்தி கேள்விகளை எழுதிக்கொண்டு போனார். வழக்கமாக மருத்துவர் முன்னால் வாயே திறக்காதவர்.

கையால் எழுதிய மருந்துச் சீட்டு வேண்டவே வேண்டாம். மாத்திரைப் பெயர்களில் ஓர் எழுத்து மாறினால் வேறு மருந்து. அதை ஊகித்து உறுதியாகச் சொல்லிவிடும். மருந்துக்கடைக்காரரிடமே கேட்கலாம்.

8 டிசம்பர்

இலவசச் சந்தா பற்றி இரண்டு வரி. 2025ல் இந்தியாவில் ஏஐ செயலிகளின் கட்டணத் திட்டங்களுக்கு ஏகப்பட்ட இலவசச் சலுகை வந்தது. ஏர்டெல்லோடு பெர்ப்ளெக்சிட்டி, ஜியோவோடு ஜெமினி, நவம்பர் 4 முதல் சாட்ஜிபிடி கோ ஒரு வருடத்துக்கு. புதிதாகப் பழகுபவருக்கு எதுவும் தேவையில்லை, சாதாரண இலவசக் கணக்கே தாராளம். சேர்ந்தால், யுபிஐ ஆட்டோபே போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இலவசம் முடியும் தேதியைக் குறித்து வையுங்கள்.

14 டிசம்பர்

தனியாக இருக்கும் தன் அம்மா ராத்திரியில் அதனிடம் வெகு நேரம் பேசுவதாக ஒருவர் கவலையோடு எழுதியிருக்கிறார். இதற்கு அவசரமாகப் பதில் எழுத மனம் வரவில்லை, யோசித்து எழுதுகிறேன்.

இது புதிய விஷயமில்லை. 1966ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் எலிசா என்ற கணினி நிரலை வெளியிட்டார். நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும், அவ்வளவுதான். அவர் அதை உருவாக்கியதைப் பக்கத்திலிருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதனோடு பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில், தனியாகப் பேச வேண்டும், வெளியே போங்கள் என்றாராம். வைசன்பாம் ஆடிப்போய்விட்டார். இயந்திரம் என்று நன்றாகத் தெரிந்தும் மனிதர்கள் மனதைத் திறக்கிறார்கள்.

ஆகவே உங்கள் அம்மாவிடம் "அது வெறும் மெஷின்மா" என்று சொல்லிப் பயனில்லை. அவருக்கும் தெரியும். பிடுங்கிவிடவும் வேண்டாம், வருத்தம்தான் மிஞ்சும். அதனிடம் என்ன பேசினீர்கள் என்று சாயங்காலம் நீங்கள் ஃபோன் பண்ணிக் கேளுங்கள். சித்தியிடம் நான் அப்படித்தான் கேட்கிறேன். அது சொன்னதை எனக்குச் சொல்ல ஆரம்பித்து, அங்கிருந்து பெரியப்பா கல்யாணக் கதைக்குப் போய்விடுகிறார்.

தூக்கம் கெடுகிறது, சாப்பாடு குறைகிறது, மனிதர்களைத் தவிர்க்கிறார் என்றால் அது வேறு. மருத்துவரைப் பாருங்கள்.

21 டிசம்பர்

முதலில் கேட்ட நண்பர் திரும்ப வந்து எழுதியிருக்கிறார். அம்மாவுக்கு அத்துப்படி ஊறுகாய். ஆவக்காய்க்கு உப்பு எவ்வளவு என்று கேட்க வைத்திருக்கிறார். வந்த அளவைப் பார்த்து, "இந்த உப்புக்கு ஒரு மாசத்துல பூஞ்சை புடிச்சிடும்" என்றாராம் அம்மா. நிச்சயம் சரியாகத்தான் சொல்லியிருப்பார். இப்போது பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து அதைத் தினமும் திருத்திக்கொண்டிருக்கிறார்களாம்.

அடுத்து என்ன என்று கேட்கிறார். இனிமேல்தான் உங்கள் வேலை குறைகிறது. அம்மாவுக்குச் செய்ய வேண்டிய ஒரு வேலை இந்த வாரம் இருக்கும்: சங்கத்துக்குக் கடிதம், பேரன் பிறந்தநாள் வாழ்த்து, பயணத்துக்கு எடுத்துவைக்க ஒரு பட்டியல். அதை அவரே சொல்லி எழுத வாங்கட்டும். வந்த வரைவில் அவர் பேச்சு இல்லையென்றால் "நான் இப்படிப் பேச மாட்டேன்" என்று சொல்லி மாற்றச் சொல்லட்டும். படம் வரைவதும் கவிதையும் பொழுதுபோகும்போது அவரே கண்டுபிடித்துக்கொள்வார்.

22 டிசம்பர்

இரண்டு பேருக்கு ஒரே ஃபோன் என்றால் தனித்தனிக் கணக்கு வைக்கலாமா என்று கேட்டவருக்கு: சில செயலிகளில் உள்ளேயே இரண்டு கணக்கு வைத்து மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பெரியவர்கள் மாற்ற மறந்துவிடுகிறார்கள். சில ஆண்ட்ராய்டு ஃபோன்களில் பயனர்களையே பிரித்து வைக்கும் வசதி இருக்கிறது, திரை தனி, செயலிகள் தனி. சித்தப்பா வீட்டு ஃபோனில் அது இல்லை. பேத்தியின் பழைய ஃபோனைச் சுத்தம் செய்து சித்திக்குக் கொடுத்துவிட்டோம். எழுத்தின் அளவைப் பெரிதாக்கி வைத்தாயிற்று, நினைவு வசதி அணைத்தே இருக்கிறது.